மழைக்காலமும் மஞ்சுவிரட்டுக் காளையும்

மஞ்சுவிரட்டுக் காளை வளர்ப்பில் கடினமான பருவம் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மூன்று மாதங்கள். காரைக்குடி, திருப்பத்தூர், கல்லல், தேவகோட்டை வட்டாரங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்வதும் கண்மாய்ப் பாசனத்தில் நெல் நிற்பதும் அப்போதுதான். கோடை முழுவதும் பொட்டலிலும் தரிசிலும் திரிந்த மாடு, வயலில் பயிர் ஏறியதும் கட்டுத்தறிக்கு வந்துவிடுகிறது. அவிழ்த்து விட்டால் அடுத்தவர் வயலில் இறங்கும். வரப்போ வழுக்கும். பொட்டலெல்லாம் சேறு. அதே நாட்களில்தான் தை மாத மஞ்சுவிரட்டை மனதில் வைத்து மாட்டுக்குத் தீனியும் கூட்டப்படுகிறது. உடம்பில் பலம் ஏறிக்கொண்டே போகிறது, அதைச் செலவழிக்கும் இடமோ நாளுக்கு நாள் சுருங்குகிறது. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிடாமல் தை வரைக்கும் கொண்டுசேர்ப்பதில்தான் வளர்ப்பவரின் கைத்திறன் தெரியும். தை மூன்றாம் நாள் சிராவயலிலும் ஐந்தாம் நாள் கண்டிப்பட்டியிலும் ஊர் திரண்டு பார்ப்பது, கொட்டிலில் ஏற்கெனவே முடிந்துபோன வேலையின் விளைவைத்தான்.

இங்கே பெரும்பாலும் வளர்க்கப்படுவது புலிக்குளம் மாடு. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், ஆலம்பாடி போலவே தமிழ்நாட்டுக்கே உரிய இனம். ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் இதைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. அளவில் நடுத்தரம், கட்டான உடல். பசுக்கள் சாம்பல் நிறம். காளைகளோ வயது ஏற ஏறத் திமிலும் கழுத்தும் கருத்துக்கொண்டு வரும். சிவகங்கை, மதுரை வட்டாரங்களில் இந்த இனம் வீட்டுக் கொட்டிலில் உருவானதன்று. நூற்றுக்கணக்கில் மந்தையாகச் சேர்ந்து, தலைமை மேய்ப்பரான கீதாரியின் பின்னால் ஊர் ஊராக நடந்து, இரவில் வயலில் கிடை போட்டு உரம் தந்த மாடு இது. நடை அதன் பிறவிக் குணம், கூட்டம் அதன் பிறவித் தேவை. அப்படிப்பட்ட மாட்டை ஒற்றையாக ஒரு முளைக்குச்சியில் மாதக்கணக்கில் கட்டிப்போடுவதில் உள்ள கடுமையை உணராதவர் கையில் நல்ல கன்றும் கெட்டுப்போகும்.

கோயில் காளையோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளைக்குக் கட்டுத்தறி கிடையாது. மழைக்காலத்திலும் அது நினைத்த இடத்துக்குப் போகும். வயலில் இறங்கினால் கையெடுத்துக் கும்பிட்டு மெதுவாக ஓரம் கட்டுவார்களே தவிர அடிப்பவர் இல்லை. அந்தக் காளை தெருவில் குழந்தைகளுக்கு நடுவே சாதுவாகப் படுத்து அசைபோடும், பொட்டலில் மட்டும் வேறு மாடாக நிற்கும். வீட்டுக் காளையிடமும் இதே இரட்டைக் குணத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் கோயில் காளைக்கு ஊர் முழுவதும் கொடுத்திருக்கும் விடுதலையை, வீட்டுக் காளைக்கு ஓர் ஆள் தன் உழைப்பால் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

கட்டுண்ட மாட்டின் மிரட்சி தலையில் தொடங்கும். கயிற்றின் எல்லை வரை வந்து தலையை ஆட்டும். ஒரே காலைத் திரும்பத் திரும்ப மாற்றி ஊன்றும். தொட்டியின் விளிம்பை நக்கும், மரத்தில் கொம்பைத் தேய்க்கும். ஆள் வந்தால் பக்கவாட்டில் முதுகை வளைத்துத் திரும்பித் தன் முழு உருவத்தையும் காட்டும். காளை எச்சரிப்பது இப்படித்தான். தலையைத் தாழ்த்தி மண்ணைப் பறிப்பது அதற்கு அடுத்த படி. முதல் எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்தவருக்கு இரண்டாவது வருவதே அபூர்வம். மாட்டுக்குத் தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாப் பக்கமும் தெரியும். நேர் பின்புறம் மட்டும் தெரியாது. ஆகவே பின்னாலிருந்து ஓசையில்லாமல் அணுகுவதைப் போல மடத்தனம் வேறில்லை. குரல் கொடுத்து, தோள்பட்டைப் பக்கமாக வந்து, முதலில் கழுத்தில் கை வைப்பதே முறை.

கட்டுண்டு மிரள்வது மாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. குளிர்நாடுகளில் பனிக்காலம் முழுவதும் லாயத்தில் அடைபடும் குதிரைகளும் இப்படியேதான் உடலை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு நிற்கின்றன, மரக்கட்டையைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்குகின்றன. முன்பு ஐரோப்பாவில் வண்டிக் குதிரைகளுக்கு ஒரு நோய் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது, தானியம் மட்டும் வழக்கம்போல முழு அளவு. திங்கட்கிழமை காலை பூட்டிய சிறிது நேரத்தில் தசைகள் விறைத்து, வியர்த்து, நகர முடியாமல் நின்றுவிடும். திங்கட்கிழமை நோய் என்றே அதை அழைத்தார்கள். தமிழகமும் குதிரையால் இந்தப் பாடம் படித்ததுதான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து பெரும் விலைக்கு வாங்கிய குதிரைகள் பராமரிப்புத் தெரியாததால் ஓராண்டுக்குள் பெரும்பாலும் மடிந்துபோவதை எழுதிவைத்திருக்கிறார். குதிரையில் தோற்ற அறிவு மாட்டில் தோற்கவில்லை. காளை இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தது, அதன் பழக்கத்தைத் தலைமுறைகள் கூடவே இருந்து பார்த்திருக்கின்றன.

மழைக்கால ஏற்பாட்டில் முதலாவது, காளை நிற்கும் இடம். தகரக் கூரை பார்ப்பதற்கு உறுதி. ஆனால் ஐப்பசி அடைமழை தகரத்தில் விழும் சத்தம் மாட்டின் காதுக்குப் பெரிய தொந்தரவு. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வோடு நின்றுவிடும், மாட்டுக்கு அதற்கு மேலும் கேட்கும். பனையோலையோ தென்னங்கீற்றோ வேய்ந்த கொட்டிலில் அதே மழை அமைதியாகப் பெய்கிறது. தகரம்தான் வாய்த்தது என்றால் அதன் மேல் கீற்றுப் பரப்பினால் போதும். தரையில் சிமெண்டைவிடச் செம்மண்ணும் சரளையும் சேர்த்து இறுக்கிய தரை நல்லது, மூத்திரம் வழிந்தோடப் பின்பக்கம் சற்றே சரிவும் வேண்டும். ஈரத்தில் நிற்கும் குளம்பு மென்மையாகி இடுக்கில் புண் வைக்கும். வலிக்கிற கால் மாட்டின் குணத்தையே மாற்றிவிடும். திடீரென முரடாகிவிட்டது என்று சொல்லப்படும் காளைகளில் எத்தனையோ, குளம்பைத் தூக்கிப் பார்த்தால் காரணத்தை அங்கேயே வைத்திருக்கும்.

கயிற்றின் நீளத்தை அடுத்துக் கவனிக்க வேண்டும். மாடு படுத்துத் தலையை விலாப்பக்கம் திருப்பிச் சாய்த்துக்கொள்ளும் அளவுக்கு நீளம் இருக்க வேண்டும், கால் சிக்கும் அளவுக்கு மிஞ்சவும் கூடாது. குட்டையாகக் கட்டிய காளை சரியாகப் படுக்காது, படுக்காத மாடு சரியாக அசைபோடாது. நன்றாக இருக்கும் மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். மனம் கலங்கினால் முதலில் நிற்பதும் அதுதான். அதனால்தான் மூத்த வளர்ப்பாளர் இரவு ஒரு தடவை எழுந்து போய், விளக்கைக் காட்டாமல், தாடை அசையும் ஓசையைக் கேட்டுவிட்டு வந்து படுக்கிறார். மூக்கணாங்கயிறு பருத்தி நூலாகவோ புளிச்சை நாராகவோ இருந்தால் மூக்குத் தண்டு புண்படாது. நைலான் கயிறு மலிவு, மழைக்கு மக்காது. ஆனால் ஈரத்தில் இழுபடும்போது அறுக்கிறது. மூக்கு வலியோடு பழகிய மாடு கயிற்றைக் கண்டாலே பின்வாங்கும், அப்படிப் பின்வாங்கும் மாட்டை நடத்திக் கூட்டிப் போவது இரண்டு மடங்கு வேலை.

கண்ணுக்குப் பார்க்க ஏதாவது இருப்பது மற்றொன்று. சுவரைப் பார்த்து நிற்கும் காளைக்கும் தெருவைப் பார்த்து நிற்கும் காளைக்கும் ஒரே மாதத்தில் வேறுபாடு தெரியும். ஆள் போக்குவரத்து, சைக்கிள், கோழி, மழைக்கோட்டு, குடை எல்லாம் அன்றாடம் கண்டு பழகிய மாடு பொட்டலில் ஆயிரம் பேரைக் கண்டு கலங்காது. பக்கத்தில் ஒரு பசுவோ கிடாரியோ கட்டியிருந்தால் இன்னும் நலம், வெள்ளாட்டங்குட்டி இருந்தாலும் போதும். தனிமையில் வளர்ந்த காளைக்கன்றுகள், கூட்டத்தோடு வளர்ந்தவற்றைவிட மனிதர்மேல் அதிகம் பாய்கின்றன என்று ஹியர்ஃபோர்டு இனத்தில் நடந்த ஆய்வு 1990இல் காட்டியது. கிடை மாட்டுக்காரர்களுக்கு இது புதுச் செய்தியாகத் தோன்றாது. மந்தையில் மூத்த மாடுகளிடம் முட்டுப்பட்டு ஒழுங்கு கற்ற காளைக்கு மனிதரோடு பலம் பார்க்கும் எண்ணமே குறைவு.

தீபாவளி வருவது மழையின் நடுவில். வெடிச் சத்தம் கட்டுத்தறியில் நிற்கும் காளைக்குத் தப்பிக்க வழியில்லாத அச்சம். அன்று இரவு ஒருவர் கொட்டிலிலேயே படுப்பது நல்ல வீடுகளின் வழக்கம். திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள், மழைக்காலத்தில் வந்து கூடு கட்டும் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிப்பதையே விட்டவர்கள். அந்த ஊர்களின் மாடுகளுக்கும் அது பெரிய நன்மை.

தீனிதான் அதிகம் தவறு நேரும் இடம். பருத்திவிதை, கடலைப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு, உளுந்துப் பொட்டு, துவரைப் பொட்டு, கோதுமைத் தவிடு, பச்சரிசி, பேரீச்சம்பழம் எனத் தொட்டி நிறைய வைக்கும் ஆர்வத்தில் அன்பு இருக்கிறது, அளவு இல்லாமல் போகிறது. மாட்டின் பெருவயிறு நார்த் தீவனத்துக்கு ஏற்பட்டது. அரிசியிலும் தானியத்திலும் உள்ள மாவுச்சத்து அங்கே வேகமாகப் புளித்து அமிலமாகிறது. அந்த அமிலம் கட்டு மீறினால் பசி நிற்கும், சாணம் இளகும், குளம்புக்குள் அழற்சி வரும். அதற்கு முன்பே குணத்தில் அது தெரிந்துவிடும். தோல் சிலிர்க்கும், கண்ணில் வெள்ளை அதிகம் தெரியும், காரணமில்லாமல் துள்ளும். இதைப் பார்த்துக் காளைக்கு முறுக்கு ஏறிவிட்டது என்று மகிழ்பவர் உண்டு. அந்தத் துள்ளலில் பலம் குறைவு, வயிற்றுக் கோளாறுதான் அதிகம். வைக்கோல், சோளத்தட்டை, கடலைக்கொடி ஆகியவை வயிற்றில் முக்கால் பங்கு இருந்து, அடர்தீவனம் அதன் மேல் சிறுகச் சிறுக இரண்டு வேளையாகப் பிரிந்து சேர்ந்தால்தான் உடம்பு நின்று ஏறும். மழைக்குப் பின் தளதளவென்று வரும் இளம்புல்லையும் வெறும் வயிற்றில் கொடுப்பதில்லை. முதலில் வைக்கோல், பிறகு புல். இல்லாவிட்டால் வயிறு உப்பும்.

எல்லாவற்றிலும் முதன்மையான விதி ஒன்று உண்டு: நடக்காத நாளில் தீனியைக் குறைப்பது. அடைமழையால் நடை தவறினால் அன்று பருத்திவிதையும் பொட்டும் பாதியாக வேண்டும், வைக்கோல் மட்டும் தாராளமாகப் போகலாம். இரண்டாம் நாளும் நடை இல்லையென்றால் அடர்தீவனம் பேருக்குத்தான். மழை விட்டு நடை தொடங்கியபின் மூன்று நான்கு நாளில் பழைய அளவுக்குத் திரும்பலாம். திங்கட்கிழமை நோய் சொல்லும் செய்தியும் இதுவே. எளிய கணக்குதான். ஆனாலும் தைக்கு இன்னும் நாற்பது நாள்தான் என்ற பதற்றத்தில் இதைக் கடைப்பிடிக்க மனவலிமை தேவைப்படுகிறது.

நடையைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும், ஏனெனில் மழைக்காலக் காளைக்கு மேய்ச்சலின் இடத்தை நிரப்புவது அதுதான். விடியலில், சாலையில் லாரி ஓட்டம் தொடங்குமுன், கண்மாய்க் கரை வழியாகவோ ஊர்ச் சாலையிலோ இது நடக்கும். அடங்காத காளைக்கு இரண்டு கயிறு, இரு பக்கமும் ஓர் ஆள். இருவரில் ஒருவர்தான் நடத்துபவர். மற்றவர் கயிறு தளர்ந்தே இருக்கும், தேவை வந்தால்தான் இறுகும். இருவரும் ஒரே நேரத்தில் இழுத்தால் மாடு நடுவில் நின்று இருவரோடும் மல்லுக்கட்டத் தொடங்கும். இழுபறியில் மனிதன் வென்றதில்லை. தேர்ந்தவர் இழுப்பதே குறைவு. மாடு வேகமெடுக்கும் நேரத்துக்கு அரை நொடி முன்னால் அதன் காதும் தோளும் சொல்லிவிடும். அந்தக் கணத்தில் கயிற்றை ஒரு சிறு சுண்டு சுண்டி, பாதையைச் சற்று வளைத்து, கரையின் ஏற்றத்தில் திருப்பினால் வேகம் தானே கரைந்துவிடும். நேர்ப்பாதையில் தடுத்து நிறுத்த முயன்றால் அதே வேகம் ஆள்மேல் திரும்பும். மாடு பணிந்ததும் கயிறு உடனே தளர வேண்டும். பணிவுக்குக் கிடைக்கும் பரிசே அந்தத் தளர்வுதான். பணிந்த பிறகும் இறுக்கிப் பிடிப்பவரிடம் மாடு பணிவதால் பயனில்லை என்பதையே கற்றுக்கொள்ளும். இந்தத் தளர்வின் நேரம் சரியாக விழும் கையைப் பார்ப்பது, தவில்காரரின் கை நாயனத்தோடு இழைவதைக் கேட்பது போன்ற இன்பம்.

நடையின் தொலைவைவிட ஒழுங்கு முக்கியம். ஒரே நேரம், ஒரே ஆள், ஒரே குரல். போகும்போது மெதுவாக, நடுவில் ஏற்றத்தில் சிறிது விரைவாக, திரும்பும்போது மீண்டும் மெதுவாக. வீடு நெருங்குகையில் தொட்டி நினைவில் காளை இழுக்கும். அங்கே ஒருமுறை நிறுத்தி, கழுத்தின் அடியிலும் அலைதாடியிலும் தடவி, மூச்சு அடங்கியதும் உள்ளே விடுவது வழக்கமானால் கொட்டில் வாசலில் நடக்கும் விபத்துகளில் பல நடக்காமல் போகும். மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கும் இடம் அந்தக் கழுத்துப் பகுதி. அங்கே கை பட்டால் இதயத் துடிப்பு தணிவது ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கிறது.

நீச்சலுக்குக் கார்த்திகைக் கண்மாய் தோதானது. ஆழத்தில் காலுக்குப் பாரமில்லாமல் தோளும் மூச்சும் உரம் பெறும். பத்து நிமிட நீச்சல் நெடுந்தூர நடைக்கு ஈடு. ஆனால் சேற்றங்கரையில் இறக்குவது ஆபத்து, கெட்டித் தரையோ படித்துறையோ உள்ள இடம் வேண்டும். குடிநீர் ஊருணியில் மாட்டை இறக்காத கட்டுப்பாடு செட்டிநாட்டில் பழையது, அதை மீற எவரும் துணிவதில்லை. தேங்கிய குட்டைகளில் நத்தை வழியாகத் தட்டைப்புழு தொற்றுமாதலால் அங்கும் இறக்குவதில்லை. குளித்து வந்த மாட்டை வைக்கோல் பிரியால் தேய்த்துக் காயவைத்தபின்தான் தீனி.

மண் குத்தும் பயிற்சிக்கு மழையைப் போல நண்பன் இல்லை. கோடையில் கல்லாக இறுகிக் கிடக்கும் செம்மண் இப்போது கொம்புக்கு இளகிக்கொடுக்கும். கொட்டிலை அடுத்து ஒரு வண்டி மண்ணை மேடாகக் கொட்டி வைத்தால், காளை தானே போய்க் குத்திக் கிளறும். கழுத்துக்கு உரம் சேர்வது ஒரு பயன். அதைவிடப் பெரியது, தேங்கிய வேகம் யாருக்கும் தீங்கில்லாமல் வெளியேறுவது. நடை முடியாத மழைநாளில் இந்த மண்மேடு ஒன்றே காளைக்குக் கிடைக்கும் விடுதலை. மண் குத்தும்போது ஆள் நெருங்குவதோ கூச்சலிட்டு உசுப்பேற்றுவதோ தகாது. அந்த வேகத்தோடு மனிதனைச் சேர்த்து நினைக்க மாட்டைப் பழக்கிவிடக் கூடாது.

காளையைத் தேர்ந்தெடுக்கும்போதே சுழி பார்ப்பது தமிழ் வழக்கம். அதிர்ஷ்டம் பற்றிய நம்பிக்கைகளை ஒதுக்கினாலும் அதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டினும் உடன் பணியாற்றியவர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், நெற்றிச் சுழி கண்களுக்கு மேலே உயரத்தில் அமைந்த மாடுகள் கூண்டில் நிறுத்தும்போது அதிகம் கலங்கின. சுழி தாழ்ந்தவை அமைதி காத்தன. உயர்ந்த சுழியுள்ள காளை பொட்டலில் பேரெடுக்கலாம். மழைக்காலத்தில் அதற்கு இரு மடங்கு நடையும் பொறுமையும் தேவை என்பதை வாங்கும்போதே ஏற்றுக்கொள்வது நல்லது.

நோய்களில் கோமாரி, தொண்டை அடைப்பான், சப்பை நோய் மூன்றுக்கும் மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடுவது, குடற்புழு நீக்குவது, உண்ணி பார்ப்பது ஆகியவை எல்லோரும் அறிந்தவை. மாலையில் நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டும் புகை கொசுவை விரட்டுவதோடு, இரவெல்லாம் வாலும் காலும் அடித்துக்கொண்டு நிற்காமல் மாடு படுத்துறங்க உதவுகிறது.

மார்கழியில் மழை ஓயத் தொடங்கியதும் புதிதாக எதையும் புகுத்துவதில்லை. ஆட்களை மட்டும் மெல்லக் கூட்டுகிறார்கள். முதலில் தெரிந்தவர் நாலைந்து பேர், பிறகு கொட்டுச் சத்தம், பிறகு வேறு மாடுகள் நிற்கும் இடம். வடமாடு விளையாட்டுக்குப் போகும் காளையை நீண்ட வடத்தில் கட்டி வட்டத்துக்குள் சுழன்று நிற்கப் பழக்குகிறார்கள், ஒன்பது பேர் கொண்ட குழுவை இருபது இருபத்தைந்து நிமிடம் எதிர்கொள்ள வேண்டியது அது. பொட்டலில் அவிழும் மஞ்சுவிரட்டுக் காளைக்கு வீடு திரும்பும் வழி தெரிந்திருப்பதே பெரிய பயிற்சி, கூட்டத்தைத் தாண்டியபின் அது ஓட வேண்டியது அந்த வழியில்தான். சாராயம் ஊற்றுவது, மிளகாய்ப்பொடி தூவுவது, வாலை முறுக்குவது போன்றவற்றை 2017க்குப் பிந்தைய விதிகள் தடுக்கின்றன. மருத்துவர் பரிசோதித்த மாடே களம் இறங்கலாம். 2023 மே 18இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டுச் சட்டத்தை ஏற்றபோது கணக்கில் கொண்டது இந்தக் கட்டுப்பாடுகளையும் சேர்த்துத்தான். தேர்ந்த வளர்ப்பாளருக்கு விதி இல்லாதபோதும் சாராயமும் மிளகாய்ப்பொடியும் தேவைப்பட்டதில்லை. போதையேறிய மாடு திசை தெரியாமல் ஓடும், அவ்வளவே.

களத்தில் காளையை மதிப்பிடும்போது கூட்டம் பெரும்பாலும் வேகத்துக்கே கைதட்டுகிறது. ரசனை பழகியவர் பார்ப்பது வேறு. அச்சத்தில் பாயும் காளை கண்ணை அகல விரித்து, தலையைத் தூக்கி, முதல் இடைவெளியில் தெறித்து ஓடுகிறது. நின்று விளையாடும் காளை நாலு அடி வந்து நிற்கிறது. காதை முன்னே வைக்கிறது, தலையைத் தாழ்த்தி இடமும் வலமும் அளக்கிறது, நெருங்குபவரை மட்டும் விரட்டிவிட்டுத் தன் இடத்துக்கே திரும்புகிறது. பலம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். மூன்று மாதம் நடத்தி, கூட்டம் காட்டி, அளவறிந்து ஊட்டிய கொட்டிலிலிருந்து வரும் மாடே நின்று விளையாடும். அதே காளையை மறுநாள் வீட்டுச் சிறுமி ஒற்றைக் கயிற்றில் தண்ணீர்த் தொட்டிக்கு அழைத்துப் போவதைச் சிவகங்கைச் சீமையில் எங்கும் பார்க்கலாம்.

தை அறுவடை முடிந்து தாள் நிற்கும் வயல்கள் திறந்ததும் கட்டுத்தறிக் காலம் முடிகிறது. ஆனால் அன்றைக்கே முழுநாளும் அவிழ்த்துவிடுவதில்லை. முதல் வாரம் காலையில் ஒரு மணி நேரம், பிறகு அரைநாள், பிறகுதான் முழு மேய்ச்சல். அடர்தீவனமும் அதே படியில் இறங்கி வரும். மாசி, பங்குனி, சித்திரையிலும் மஞ்சுவிரட்டுகள் தொடர்வதால் சிலர் முழு அளவிலேயே ஊட்டிக்கொண்டு ஊர் ஊராக ஏற்றிப் போகிறார்கள், காளை இரண்டே பருவத்தில் தேய்ந்துவிடுகிறது. ஒரு களத்துக்கும் அடுத்த களத்துக்கும் இடையே எத்தனை நாள் வேண்டும் என்பதை நாட்காட்டியைவிட மாடு சரியாகச் சொல்லும். களம் கண்டு வந்த காளை அன்று மாலை தவிட்டுத் தண்ணீரில் வாய் வைத்து, இரவு படுத்து அசைபோட்டு, மறுநாள் காலை கயிற்றை எடுத்ததும் தானே எழுந்து நின்றால் நடையைத் தொடங்கலாம். தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பினால், நின்றபடியே இரவைக் கழித்தால், அந்தப் பருவத்தில் அதற்கு இன்னொரு களம் வேண்டாம்.